மதுரையில இருந்து பெங்களூர் மாறுறதுக்கு எவ்வளவு ஆகும், 78 ஆயிரத்துல குடும்பம் ஓடுமா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல ஒருதடவை சொல்லிடறேன், அப்பதான் கணக்கு குழம்பாது. மதுரையில உங்களுக்கு கைக்கு வர்றது 48 ஆயிரம். மனைவி தனியார் ஸ்கூல்ல டீச்சர், அவங்களுக்கு 14 ஆயிரம். பொண்ணு ஒண்ணாங்கிளாஸ், ஜூன்ல ரெண்டாவது போவா. பெங்களூர்ல மகாதேவபுரா பக்கம் ஒரு கம்பெனி கைக்கு 78 ஆயிரம் வர்ற மாதிரி ஆஃபர் குடுத்து ஜனவரியில ஜாயின் பண்ணச் சொல்றாங்க. சாமான் ஏத்திட்டுப் போக எவ்வளவு ஆகும், போன பிறகு மாசம் என்ன மிஞ்சும். இதுதான கேள்வி.

நான் பெங்களூர்ல ரொம்ப வருஷமா இருக்கேன், ஆபீஸ்ல புதுசா வந்து சேர்ற நம்மூர் ஆளுங்களுக்கு வீடு தேடுறது, அக்ரிமெண்ட் படிச்சுப் பாக்குறது, ஸ்கூல் அட்மிஷன்னு கூடவே அலைஞ்சு பழக்கம். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க, மனைவியையும் உக்கார வெச்சு படிங்க, ஏன்னா இந்த முடிவுல பாதி அவங்க கையில இருக்கு.

எல்லாரும் 78ல 48 கழிச்சு 30 ஆயிரம் ஜாஸ்தினு சந்தோஷப்படறாங்க. அந்த 30 உங்க வீட்டுக்கு வராது. மனைவி வேலைய விட்டுட்டு வர்றாங்கன்னா அந்த 14 போயிடுது, அப்ப வீட்டுக்கு உண்மையிலேயே கூடுறது 16 ஆயிரம் மட்டும்தான். இப்ப அந்த 16க்குள்ள பெங்களூர் அடங்குமானு பாப்போம்.

மதுரையில உங்க வாடகை 9,500னு சொன்னீங்க. மகாதேவபுராவுல ஆபீஸ்னா ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம், ஹூடி, கருடாச்சார்பாளையா இந்த பக்கம்தான் பாக்கணும். இங்க கேட்டட் கம்யூனிட்டினு நீச்சல் குளம் ஜிம்மெல்லாம் இருக்கிற அபார்ட்மெண்ட்ல டூ பிஹெச்கே, அதாவது ரெண்டு பெட்ரூம் வீடு, இப்ப 30, 35னு போகுது, மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி சின்ன அபார்ட்மெண்ட், இல்ல ஓனர் கீழ இருந்துட்டு மேல வாடகைக்கு விடற தனி பில்டிங்னா சுமாரா 20ல இருந்து 26க்குள்ள கிடைக்கும். 24னு வெச்சுக்கோங்க. அதுக்கு மேல மெயின்டனன்ஸ் ரெண்டாயிரத்து ஐநூறு. ஆக 26,500. வாடகை வித்தியாசம் மட்டுமே 17 ஆயிரம், கூட வந்த 16 இங்கேயே முடிஞ்சு ஆயிரம் ரூபாய் கையில இருந்து போடணும், இன்னும் அரிசி பருப்புக்கே வரல.

மீதியையும் நீங்க சொன்ன கணக்கை வெச்சே போட்டேன். மதுரையில வாடகை 9,500, கரண்ட் மாசத்துக்கு 600, ஸ்கூல் ஃபீஸ் வருஷம் 48 ஆயிரம்னா மாசத்துக்கு 4 ஆயிரம், மளிகை காய் பால் 11 ஆயிரம், பெட்ரோல் 2,500, ஓட்டல் வெளிய தெருவ 2 ஆயிரம். மொத்தம் 29,600. ரெண்டு பேர் சம்பளம் 62 ஆயிரத்துல மிஞ்சறது 32,400, அதுலதான் நகைக் கடன், சீட்டு, சேமிப்பு எல்லாம் பண்றீங்க. பெங்களூர்ல வாடகையும் மெயின்டனன்ஸும் 26,500, கரண்ட் தண்ணி ஆயிரம், ஸ்கூலும் வேனும் சேத்து வருஷம் ஒரு லட்சத்தைத் தொடும், மாசம் 8,500னு வைங்க, மளிகை 15 ஆயிரம், ஆபீஸ் போய்வர 4 ஆயிரம், வெளிய சாப்பாடு 3,500, அப்புறம் யாரும் கணக்குல எழுதாத ஒண்ணு, ஊருக்குப் போய்ட்டு வர்ற செலவு மாசத்துக்கு சராசரி 4 ஆயிரம். மொத்தம் 62,500. 78ல மிஞ்சறது 15,500. அதாவது சம்பளம் 30 ஆயிரம் கூடி, கையில நிக்கிறது 17 ஆயிரம் குறையுது.

பயமுறுத்த சொல்லல. இதே கணக்குல மனைவிக்கு பெங்களூர்ல 22 ஆயிரத்துக்கு ஒரு வேலை கிடைச்சா மிஞ்சறது 37,500 ஆயிடும், மதுரையை விட 5 ஆயிரம் ஜாஸ்தி. அவங்க பி.எட். முடிச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க, அது இங்க ரொம்ப பெரிய விஷயம். இந்த ஏரியாவுல சிபிஎஸ்இ ஸ்கூல் நிறைய, இங்கிலீஷ்ல நல்லா கிளாஸ் எடுக்கத் தெரிஞ்ச பிரைமரி டீச்சருக்கு 20ல இருந்து 28 வரைக்கும் குடுக்கிறாங்க, பல ஸ்கூல்ல டீச்சர் புள்ளைங்களுக்கு ஃபீஸ்ல சலுகையும் உண்டு, ஸ்கூல்ல அம்மாவும் பொண்ணும் ஒண்ணா போய் ஒண்ணா வந்தா வேன் காசும் இல்ல, ஸ்கூல் விட்டு வந்த பிறகு யார் பாத்துக்கறதுங்கிற பிரச்சனையும் இல்ல. அவங்க வேலைக்குப் போகலைன்னா மதுரை அளவுக்கு மிஞ்சறதுக்கே உங்களுக்கு கைக்கு 95 ஆயிரம் வரணும். ஆஃபர் பேசும்போது மனசுல இருக்க வேண்டிய நம்பர் இது.

ஒரு விஷயம், மளிகைல 4 ஆயிரம் கூட போட்டிருக்கேன், அது ஏன்னு கேப்பீங்க. உங்களுக்கு அரிசி சொந்த வயல்ல இருந்து வருது, அது மதுரையில பஸ்ல வந்து இறங்கிடும், இங்க ஒவ்வொரு மூட்டையும் காசு குடுத்து வாங்கணும் இல்ல ஊருக்குப் போகும்போது தூக்கிட்டு வரணும். பால் பாருங்க, ஆவின் நீல பாக்கெட் லிட்டர் 40, இங்க நந்தினி நீலம் 2025 ஏப்ரல்ல 4 ரூபாய் ஏத்துனதுல இருந்து 46. தினமும் ஒரு லிட்டர்னா மாசம் 180 ரூபாய் வித்தியாசம், சின்னதுதான், ஆனா இப்படி சின்னது சின்னதா பத்து ஐட்டம் இருக்கு. காய்கறி நீங்க நினைக்கிற அளவுக்கு பயங்கரம் இல்ல, ஆப்ல ஆர்டர் போடாம ஹாப்காம்ஸ்னு இருக்கிற கூட்டுறவு காய்கறி கடையிலயோ வாரச்சந்தையிலயோ வாங்கினா மதுரை விலைக்குப் பக்கத்துலயே வரும்.

சரி, மாசக் கணக்கு விடுங்க, அது ஓரளவு யோசிச்சா வர்றதுதான். நிறைய குடும்பம் நொடிஞ்சு போறது முதல் மாசம் ஒரே மூச்சுல எடுத்து வைக்க வேண்டிய பணத்துலதான். பெங்களூர் அட்வான்ஸ் முன்ன 10 மாச வாடகை, இப்பவும் பழைய ஓனருங்க அதைத்தான் கேப்பாங்க, பேசினா 5, 6 மாசத்துக்கு இறங்குவாங்க, சில புது அபார்ட்மெண்ட்ல 2, 3 மாசமே போதும்ங்கிறாங்க. மத்திய அரசு 2021ல மாநிலங்களுக்கு முன்மாதிரியா கொண்டு வந்த வாடகைச் சட்டத்துல வீட்டுக்கு ரெண்டு மாச அட்வான்ஸ்தான்னு இருக்கு, ஆனா அது மாநிலங்கள் ஏத்துக்கிட்டாதான் செல்லும், அதைக் காட்டி இங்க எந்த ஓனர்கிட்டயும் பேரம் பேச முடியாது. 5 மாசம்னா 1,20,000. முதல் மாச வாடகை மெயின்டனன்ஸ் 26,500. புரோக்கர் ஒரு மாச வாடகை 24 ஆயிரம். சாமான் வண்டி 30 ஆயிரம். ஸ்கூல் அட்மிஷன் புக்கு யூனிஃபார்ம் 40 ஆயிரம். கேஸ், வைஃபை, ஸ்கிரீன் துணி, வாட்டர் ஃபில்டர் மாட்ட 15 ஆயிரம். வீடு பாக்க ரெண்டு தடவை வந்து தங்கிப் போக 8 ஆயிரம். கூட்டினா 2,63,500. இதுல 1,20,000 திரும்பி வரும், ஆனா வீட்டை காலி பண்ணும்போதுதான். மதுரை வீட்டு அட்வான்ஸ் சாமான் ஏத்துன அன்னைக்கே கைக்கு வரும்னு நம்பாதீங்க, அடுத்த ஆள் வந்தாதான் தருவேன்பாங்க.

அந்த 1,20,000 திரும்ப முழுசா வர்றதுக்கு உள்ள போற அன்னைக்கே வேலை செய்யணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி மூணு வருஷம் இருந்துட்டு காலி பண்ணினாரு, ஓனர் குடுத்த கணக்குத் தாளை நான் பாத்தேன்: பெயிண்டிங் ஒரு மாச வாடகை, டீப் கிளீனிங் 5 ஆயிரம், கிச்சன் குழாய் கைப்பிடி 800, பாத்ரூம் கதவு அடியில ஊறிப்போனதுக்கு 3,500, ஆணி அடிச்ச ஓட்டை ஒவ்வொண்ணுக்கும் 100. பெயிண்டிங்குக்கு ஒரு மாசம் பிடிக்கிறது இங்க எழுதாத வழக்கம், அக்ரிமெண்ட்லயும் பெரும்பாலும் எழுதியிருப்பாங்க, அதை ஏத்துக்கத்தான் வேணும், ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள காலி பண்ணினா பாதினு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க, கேட்டா நிறைய பேர் ஒத்துக்கறாங்க. மத்ததுக்கெல்லாம் மருந்து ஒண்ணுதான், சாவி வாங்குன அன்னைக்கு சாமான் உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமா, ஒவ்வொரு குழாயும் திறந்து மூடி, கதவு அடிப்பக்கம், சிங்க் அடியில எல்லாம் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அன்னைக்கே அனுப்பிடுங்க. அந்த தம்பி அந்த கதவு வரும்போதே ஊறியிருந்த வீடியோவைக் காட்டினதால 3,500 மட்டும் திரும்ப வந்துச்சு, மத்ததுக்கு அவர்கிட்ட ஆதாரம் இல்ல.

லீஸ்னு ஒண்ணு சொல்லுவாங்க, நம்மூர் ஒத்தி மாதிரி, 10 லட்சம் 15 லட்சம் மொத்தமா குடுத்துட்டா ரெண்டு மூணு வருஷம் வாடகையே கிடையாது, கடைசியில பணம் முழுசா திரும்ப. ஊர்ல நகை நட்டை வித்து அப்படி போடலாமானு சிலர் கேக்கறாங்க. தயவுசெஞ்சு முதல் வருஷம் அந்தப் பக்கமே போகாதீங்க. நடுவுல ஒரு ஏஜென்சி ஓனர்கிட்ட மாச வாடகைக்கு எடுத்து உங்ககிட்ட லீஸுக்கு விட்டு, கொஞ்ச நாள்ல ஓனருக்கு வாடகை கட்டாம காணாம போன கதை இங்க நிறைய நடந்திருக்கு, இல்லைன்னா வீடு பேங்க் கடன்ல இருந்து ஏலத்துக்கு வந்து குடியிருக்கிறவங்க நடுத்தெருவுல நிப்பாங்க. என்னைக்காவது போட்டே ஆகணும்னா சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல பதிவு பண்ணி, வில்லங்கச் சான்று எடுத்துப் பாத்து, ஓனர் பேருக்கே பேங்க் வழியா பணம் போகணும்.

இப்ப சாமான் வண்டி. மதுரை பெங்களூர் 430 கிலோமீட்டர் சொச்சம், ராத்திரி ஏத்தினா காலையில இறக்கிடலாம். டூ பிஹெச்கே சாமானுக்கு 14 அடி வண்டி போதும், தனி வண்டியா, பேக்கிங்கோட, ஏத்தி இறக்கி, நான் பாத்த வரைக்கும் 26ல இருந்து 35 ஆயிரம். இன்னொருத்தர் சாமானோட சேத்து ஏத்துற ஷேரிங்னா 16, 18க்கு கூட முடியும், ஆனா என்னைக்கு வந்து சேரும்னு சொல்ல முடியாது, குடோன்ல இறக்கி மறுபடி ஏத்துவாங்க, அப்படி ரெண்டு தடவை கை மாறும்போதுதான் ஃபிரிட்ஜும் பீரோவும் அடிவாங்கும். கட்டில் பீரோ பழசா இருந்தா அதை ஊர்லயே குடுத்துட்டு வந்து இங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதே லாபம், வண்டி சைஸ் குறைஞ்சா 8 ஆயிரம் 10 ஆயிரம் மிச்சம். உங்க மர பீரோவை நான் பாக்கல, ஆனா தாத்தா காலத்து தேக்குனா தூக்கிட்டு வாங்க, அது வேற விஷயம்.

போன்ல ரேட் கேட்டு புக் பண்ணாதீங்க. வீட்டுக்கு ஆள் வந்து பாத்து, இல்ல வீடியோ கால்ல எல்லா ரூமும் காட்டி, சாமான் லிஸ்ட் போட்டு, பேக்கிங், ஏத்துகூலி, இறக்குகூலி, டோல், மாடி ஏத்தறது, ஜிஎஸ்டி எல்லாம் உள்ளயா வெளியயானு எழுத்துல வாங்குங்க. போன்ல 15 ஆயிரம்னு சொல்லிட்டு, சாமான் முழுக்க வண்டியில ஏறி கதவு பூட்டின பிறகு 'சாமான் லிஸ்ட்டை விட ஜாஸ்தி இருக்கு, 28 ஆகும்'னு நிக்கிற ஆளுங்க இருக்காங்க, அப்ப உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொரு ஏமாத்து, 'ஸ்டேட் பார்டர் டேக்ஸ், பெர்மிட், செக்போஸ்ட் செலவு'னு 4 ஆயிரம் 5 ஆயிரம் தனியா கேப்பாங்க. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்த பிறகு அந்த மாதிரி சரக்கு வரி எல்லையில கிடையாது, நாம பயன்படுத்துன வீட்டு சாமானுக்கு இ-வே பில்லே, அதாவது சரக்கு கூடவே போற ஆன்லைன் சீட்டே, தேவையில்லைனு ஜிஎஸ்டி விதியிலேயே இருக்கு. அதைச் சொல்லுங்க, உடனே அந்த பேச்சை விட்டுடுவாங்க.

அப்புறம் சாமான் லிஸ்ட்ல கையெழுத்து வாங்குவாங்க பாருங்க, அதை ஒவ்வொரு வரியா படிங்க. 'டிவி, பழசு, கீறல்', 'ஃபிரிட்ஜ், பழசு, நசுங்கல்'னு எல்லா உருப்படிக்கும் நேரா அவங்களே எழுதியிருப்பாங்க, உங்க டிவி போன தீபாவளிக்கு வாங்குனதா இருந்தாலும் சரி. அந்தத் தாள்ல நீங்க கையெழுத்து போட்டா நாளைக்கு உடைஞ்சதுக்கு ஒரு ரூபாய் கேக்க முடியாது. அடிச்சுட்டு 'நல்ல நிலை'னு எழுதி, போட்டோ எடுத்துட்டு அப்புறம் போடுங்க. பில்லோட கூட கன்சைன்மெண்ட் நோட், அதாவது சாமான் ஏத்துனதுக்கு வண்டிக்காரர் தர்ற ரசீது, நம்ம ஆளுங்க எல்ஆர்னு சொல்லுவாங்க, அதுல சாமான் மதிப்பை எழுதச் சொல்லுங்க. 2007ம் வருஷ சாலை சரக்குச் சட்டப்படி மதிப்பு எழுதி அதுக்கான கட்டணம் கட்டலைன்னா, என்ன தொலைஞ்சாலும் வண்டிக்காரர் பொறுப்பு வண்டி வாடகையோட 10 மடங்குக்கு மேல போகாது, நஷ்ட நோட்டீஸும் புக் பண்ணின நாள்ல இருந்து 180 நாளுக்குள்ள குடுக்கணும். '3 சதவீதம் இன்ஷூரன்ஸ்'னு சொல்லி வாங்குற காசுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பேர்ல பாலிசி பேப்பர் வந்தாதான் அது இன்ஷூரன்ஸ், இல்லைன்னா அவங்க பில்லுல ஒரு வரி, அவ்வளவுதான். நகை, பத்திரம், சர்டிஃபிகேட், லேப்டாப் எதுவும் வண்டியில போகக்கூடாது. சிலிண்டர் ஏத்தக்கூடாது.

கேஸ் சொன்னதும் ஞாபகம் வருது, மதுரை ஏஜென்சியில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சரண்டர் பண்ணி டிரான்ஸ்ஃபர் பேப்பர் வாங்கிட்டு வாங்க, நீங்க அந்தக் காலத்துல கட்டின டெபாசிட்தான் திரும்ப வரும், இங்க இன்னைக்கு ரேட்ல கட்டணும், 2022ல ஏத்துனதுல இருந்து 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250. சில அபார்ட்மெண்ட்ல கெயில் பைப் கேஸ் இருக்கும், அப்ப இந்த வேலையே இல்ல.

கார் இருக்குன்னீங்க, அதைக் கொண்டு வராதீங்க, குறைஞ்சது முதல் வருஷம். மோட்டார் வாகனச் சட்டம் 47ம் பிரிவு 12 மாசம் வரைக்கும் வெளி மாநில வண்டியை வெச்சுக்க விடுது, அதுக்கு மேலன்னா மதுரை ஆர்டிஓவுல என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கிற சான்று, லோன் இருந்தா பேங்க் என்ஓசியும், அப்புறம் இங்க புது நம்பர், அதுக்கு கர்நாடகா லைஃப் டேக்ஸ், வண்டிக்கு ஒரே தடவையா கட்டுற வரி. இங்க கார் வரி நாட்டுலேயே ஜாஸ்தியான மாநிலங்கள்ல ஒண்ணு, 5 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 5ல இருந்து 10 லட்சம் வரை 14, 10ல இருந்து 20 லட்சம் வரை 17, அதுக்கு மேல 18, கூட செஸ். வண்டி வயசுக்கு ஏத்தபடி குறைச்சுதான் வாங்குவாங்க, ஆனாலும் 7 லட்ச ரூபாய் காருக்கு பல ஆயிரம் ஒரே தடவையில எடுத்து வைக்கணும். தமிழ்நாட்டுல கட்டுன லைஃப் டேக்ஸ்ல மீதி வருஷத்துக்கு ரீஃபண்ட் கேக்கலாம், ஆனா அது இங்க ரிஜிஸ்டர் ஆன பிறகு மதுரைக்குப் போய் அலைஞ்சு வாங்க வேண்டியது. பைக் மட்டும் ரயில்ல பார்சல்ல போடுங்க, ஆர்சி காப்பி, ஐடி, டேங்க்ல பெட்ரோல் இல்லாம. வந்த டிக்கெட்டை பத்திரமா வைங்க, எப்ப வந்தீங்கன்னு ரோட்டுல கேக்கும்போது அதுதான் ஆதாரம்.

தண்ணிக்கும் கரண்டுக்கும் ஆயிரம்தான் போட்டேன், அது வீட்டைப் பொறுத்து மாறும். காவிரி கனெக்‌ஷன் இருக்கா, போர்ல தண்ணி மார்ச் ஏப்ரல்ல வருதா, டேங்கர் வாங்குறாங்களான்னு ஓனர்கிட்ட கேக்காம வாட்ச்மேன்கிட்டயும் மேல் வீட்டுக்காரங்ககிட்டயும் கேளுங்க. 2024 கோடையில மகாதேவபுரா வொயிட்ஃபீல்டு பக்கம் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல, டேங்கர் விலை ஏறி ஏறி கடைசியில மாவட்ட நிர்வாகம் தலையிட்டு 12 ஆயிரம் லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்குள்ள ஆயிரம் ரூபாய்னு கட்டுப்பாடு போட்டாங்க. அந்த காசு மெயின்டனன்ஸ்ல ஏறி உங்க தலையிலதான் வரும். கரண்ட்ல ஒரு நல்ல விஷயம், க்ருஹ ஜ்யோதினு 200 யூனிட் வரைக்கும் இலவச திட்டம், வாடகைக்கு இருக்கிறவங்களும் அக்ரிமெண்ட் வெச்சு பதியலாம். ஆனா 200ம் முழுசா கிடைக்காது, அந்த மீட்டர்ல முன்னாடி சராசரி எவ்வளவு ஓடுச்சோ அதை வெச்சுதான் அளவு, அதோட முன்ன குடியிருந்தவர் தன் ஆதாரை அந்த மீட்டர்ல இருந்து எடுத்திருக்கணும், சாவி வாங்கும்போதே இதை முடிச்சுக்கோங்க. பில் மாசா மாசம் வரும், நம்மூர் மாதிரி ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை இல்ல.

பஸ்ல ஒரு வித்தியாசம். நம்மூர் சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்க யாரும் ஏறலாம், காசு இல்ல. இங்க 2023 ஜூன்ல வந்த சக்தி திட்டத்துல கர்நாடகா அட்ரஸ் போட்ட அடையாள அட்டை காட்டினாதான் மனைவிக்கு ஃப்ரீ, மதுரை ஆதாரை காட்டினா டிக்கெட் எடுக்கணும். அட்ரஸ் மாத்தறது உங்க இஷ்டம், ஆனா மதுரை ரேஷன் கார்டை சரண்டர் பண்ணினா மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வந்துட்டிருந்தா அது நிக்கும், அம்மா அப்பா பேர் அதே கார்டுல இருந்தா முதலமைச்சர் காப்பீடும் அதைத்தான் பிடிச்சுட்டு இருக்கு. அவங்க மதுரையிலேயே இருக்கப் போறாங்கன்னா முதல்ல அவங்க பேர்ல தனி கார்டு வேலையைப் பாருங்க, உங்க பேரை அப்புறம் எடுக்கலாம்.

ஆபீஸ் போக ஆட்டோவை நம்பாதீங்க. 2025 ஆகஸ்ட்ல இருந்து மீட்டர் ரேட் முதல் 2 கிலோமீட்டருக்கு 36, அப்புறம் கிலோமீட்டருக்கு 18, ஆனா அந்த ரேட்டுக்கு வர்ற ஆட்டோவை நீங்க தேடணும். மெட்ரோ பர்ப்பிள் லைன் வொயிட்ஃபீல்டு வரைக்கும் இப்ப முழுசா ஓடுது, கே.ஆர்.புரா, சிங்கையனபாளையா, கருடாச்சார்பாளையா, ஹூடி ஸ்டேஷன் எல்லாம் உங்க ஏரியாதான். 2025 பிப்ரவரியில கட்டணம் ஏத்தி அதிகபட்சம் 90 ஆக்கிட்டாங்க, ஆனா நீங்க போகப்போற நாலஞ்சு ஸ்டேஷனுக்கு அவ்வளவு வராது. அதனால ஸ்டேஷன்ல இருந்து நடந்து 15 நிமிஷத்துக்குள்ள வீடு பாருங்க, வாடகை ரெண்டாயிரம் கூட இருந்தாலும் பரவாயில்ல, டின் ஃபேக்டரி ஜங்ஷன்ல சாயங்காலம் ஒரு மணிநேரம் நிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். கே.ஆர்.புரம்ல மதுரை வந்தே பாரத்தும் நிக்குது, 2024 ஆகஸ்ட்ல விட்டாங்க, ஊருக்குப் போக வர பகல்லயே முடிஞ்சிடும். தீபாவளி பொங்கல் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்னாடி காலையில 8 மணிக்கு உக்காந்திருங்க, விட்டா ஆம்னி பஸ்ல ஆளுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம்னு மூணு டிக்கெட் எடுக்க வேண்டி வரும்.

பொண்ணு ஸ்கூல் பத்தி ரொம்ப கவலைப்படறீங்க, ரெண்டாங்கிளாஸ்தான, நல்ல நேரத்துலதான் வர்றா. கர்நாடகாவுல 2015ல வந்த சட்டப்படி எல்லா ஸ்கூல்லயும் கன்னடம் சொல்லித் தரணும், இந்த வயசுல ஒரே வருஷத்துல பிடிச்சுக்குவா, ஏழாவது எட்டாவதுல வர்ற புள்ளைங்கதான் கஷ்டப்படுது. தமிழை வீட்டுல எழுதப் படிக்க நீங்கதான் உக்காந்து சொல்லித் தரணும், இதை நான் மனசார சொல்றேன், இங்க பிறந்து வளர்ந்த நம்ம புள்ளைங்க நிறைய பேருக்கு தமிழ் பேச வருது, போர்டு படிக்க வரல. டிசி வாங்கும்போது வெளி மாநிலம் போறதை சொல்லி கல்வி அதிகாரி மேலொப்பம் வேணுமான்னு ஸ்கூல்ல கேட்டு அப்பவே முடிச்சுடுங்க.

ஜனவரியில ஜாயின்னு சொல்றாங்கள்ல, அதுதான் உங்களுக்கு வசதி. குடும்பத்தை இப்ப கிளப்பாதீங்க. நீங்க மட்டும் வந்து மகாதேவபுராவுல பிஜியில, அதாவது பேயிங் கெஸ்ட் ஹாஸ்டல்ல, சேருங்க, சாப்பாட்டோட 9ல இருந்து 12 ஆயிரம், அட்வான்ஸும் கம்மி. மனைவி வேலையும் பொண்ணு படிப்பும் ஏப்ரல் பரீட்சை வரைக்கும் மதுரையில ஓடட்டும். அந்த மூணு மாசத்துல உங்க சம்பளம் 78, அவங்க 14, ரெண்டு பக்க செலவும் போக நல்லாவே மிஞ்சும், அட்வான்ஸ் பணம் அதுலயே சேந்துடும், கடன் வாங்க வேண்டாம். சனி ஞாயிறுல நிதானமா நடந்து வீடு பாக்கலாம், டு-லெட் போர்டு பாத்து ஓனர்கிட்ட நேரா பேசினா புரோக்கர் 24 ஆயிரமும் மிச்சம். தண்ணி வருதா வரலையானு மார்ச் மாசம் கண்ணால பாத்தே எடுக்கலாம்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட இதெல்லாம் கேளுங்க: ஊர் மாறுற செலவுக்கு குடுக்கிற ரீலொகேஷன் அலவன்ஸ் எவ்வளவு, அது மொத்தமா சம்பளத்தோட வருமா இல்ல பில் குடுத்தா வருமா, ஏன்னா வேலை மாத்தி வர்றப்ப சம்பளத்தோட மொத்தமா வந்தா வரி பிடிச்சுட்டுதான் தருவாங்க, பேக்கர்ஸுக்கு கம்பெனியே நேரா பணம் கட்டுமா, வருஷத்துக்குள்ள வேலையை விட்டா திருப்பிக் குடுக்கணுமா, வீட்டு அட்வான்ஸுக்கு வட்டியில்லாம சேலரி அட்வான்ஸ் உண்டா, முதல் மாச சம்பளத்துக்கு கட்-ஆஃப் தேதி என்ன. 20ம் தேதி ஜாயின் பண்ணி கட்-ஆஃப் தாண்டிட்டா அந்த மாச சம்பளம் அடுத்த மாசக் கடைசியில தான் வரும். ஆஃபர்ல 78ஐ 85 ஆக்க முடியுமானு ஒருதடவை கேட்டுப் பாருங்க, முடியலைன்னா ரீலொகேஷன் ஒரு லட்சம் கேளுங்க, சம்பளம் ஏத்த யோசிக்கிற கம்பெனிகூட ஒரு தடவை குடுக்கிற பணத்துக்கு ஒத்துக்கும். மனைவியை இந்த வாரமே ரெஸ்யூமே ரெடி பண்ணி ஹூடி, கே.ஆர்.புரம், ராமமூர்த்தி நகர் பக்கம் இருக்கிற சிபிஎஸ்இ ஸ்கூலுக்கெல்லாம் அனுப்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷத்துக்கு டீச்சர் எடுக்கறது பெரும்பாலும் ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள முடிச்சிடறாங்க, டெமோ கிளாஸுக்கு ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாங்கன்னா அன்னைக்கே பொண்ணு அட்மிஷனும் பேசிட்டு, சாயங்காலம் மூணு பேருமா வீடு பாக்கப் போங்க.